கள்ளாட்டத்துக்கு விலை வைப்பது எப்படி? இலவச இணைய விளையாட்டுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வார இறுதிகளில் நண்பர்கள் சிலர் சேர்ந்து துப்பாக்கிச்சூட்டு விளையாட்டுகளில் சிறிய போட்டி ஒன்றை நடத்தி வருகிறோம். பரிசுத்தொகை பெரிதல்ல. ஆனாலும் ஒவ்வொரு போட்டி முடிந்ததும் நள்ளிரவு தாண்டியும் பதிவுகளை ஓட்டிப் பார்த்து, யார் நேர்மையாக ஆடினார், யார் அழுகுணி ஆட்டம் ஆடினார் என்று முடிவுசெய்யும் வேலை என்னுடையது. ஆட்டக்காரர்களும், சில சமயம் அவர்களைப் பெற்றவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு நான் சொல்லிவரும் பதில்கள் இவை.

எவையெல்லாம் கள்ளாட்டம்?

சுவருக்கு அப்பால் நிற்பவரைக் காட்டும் வால்ஹேக், குறியை எதிராளியின் தலைக்குத் தானாக இழுத்துச் செல்லும் எய்ம்பாட், குறிக்குள் ஆள் வந்ததும் தானே சுட்டுவிடும் டிரிக்கர்பாட், ஓட்டத்தைக் கூட்டும் ஸ்பீட்ஹேக் ஆகியவை மென்பொருளால் நடப்பவை. மனிதரே உட்காராமல் நிரல் மட்டும் ஆடிப் புள்ளி சேர்க்கும் பாட் கணக்குகள் இன்னொரு வகை. தேர்ந்த ஆட்டக்காரர் புதுக் கணக்கு தொடங்கிக் கற்றுக்குட்டிகளோடு மோதுவதை ஸ்மர்ஃபிங் என்கிறார்கள். அதில் ஹேக் (கள்ள மென்பொருள்) எதுவும் இல்லைதான், ஆனால் எதிரில் மாட்டிக்கொண்ட புதியவருக்கு வலி ஒன்றுதான்.

இணைப்பு தடுமாறி எதிராளி விட்டு விட்டுத் தெரிவது கள்ளாட்டம் அல்ல. எனக்கு வரும் புகார்களில் பாதிக்கு மேல் இந்த ரகம்.

காசு கொடுத்து வாங்கும் விளையாட்டுகளைவிட இலவச விளையாட்டுகளில் ஏன் இது அதிகம்?

பிடிபட்டால் இழப்பதற்கு எதுவும் இல்லை என்பதால். மற்ற காரணங்கள் எல்லாம் இதற்குப் பின்னால்தான்.

விலை கொடுத்து வாங்கிய விளையாட்டில் ஒருவரைத் தடை செய்தால், அவர் திரும்பி வர இன்னொரு பிரதி வாங்க வேண்டும். இலவச விளையாட்டில் புது மின்னஞ்சல் முகவரி போதும், பத்தே நிமிடத்தில் அடுத்த ஆட்டத்தில் இருப்பார். கவுன்ட்டர்-ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2012 ஆகஸ்டில் விலைக்கு வந்த அந்த விளையாட்டை 2018 டிசம்பரில் வால்வ் நிறுவனம் இலவசமாக்கியது. ஏற்கெனவே காசு கொடுத்தவர்களுக்குப் 'பிரைம்' தகுதி கிடைத்தது. மற்றவர்கள் ஆடி ஆடி 21ஆவது நிலையை எட்டினால் அதே தகுதியை இலவசமாகப் பெறலாம் என்று கதவைத் திறந்து வைத்தார்கள். அந்தக் கதவு வழியாக யார் வந்தார்கள் என்பதை அப்போது ஆடியவர்களிடம் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். நிரல்களை ஓட்டி நிலையை ஏற்றிக் கணக்குகளை விற்பது ஒரு தொழிலாகவே நடந்தது. 2021 ஜூனில் வால்வ் அந்த இலவச வழியை மூடியது. தரவரிசை ஆட்டம் வேண்டுமானால் பிரைம் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றானது. முழுக்க இலவசம் என்று தொடங்கி, முக்கியமான வாசலில் மட்டும் டிக்கெட் வைத்ததாக அது முடிந்தது.

டீம் ஃபோர்ட்ரஸ் 2 கதை இதைவிட வருத்தமானது. 2011 ஜூனில் இலவசமானது. 2020 வாக்கில் தொடங்கி ஆண்டுக்கணக்கில், எய்ம்பாட் பொருத்திய தானியங்கிக் கணக்குகள் கூட்டம் கூட்டமாகப் பொதுச் சர்வர்களில் புகுந்தன. உண்மையான ஆட்டக்காரர்களையே வாக்கெடுப்பில் வெளியேற்றும் அளவுக்குப் போனது. 2022 மே மாதத்தில் ஆட்டக்காரர்கள் சமூக ஊடகங்களில் ஒன்றுதிரண்டு குரல் கொடுக்க வேண்டியிருந்தது, 2024இல் மறுபடியும்.

அப்படியானால் புதுக் கணக்குத் தொடங்குவதைக் கடினமாக்கினால் போதுமா?

பாதிக் கிணறு தாண்டலாம். எதைக் கேட்பது என்பதில்தான் சிக்கல்.

நேரத்தைக் கேட்கலாம். டோட்டா 2 தரவரிசை ஆட்டத்துக்குள் நுழைய 100 மணி நேரம் ஆடியிருக்க வேண்டும். நேர்மையானவருக்கு அது பழகும் காலம், கள்ளாட்டக்காரருக்கு ஒவ்வொரு தடைக்குப் பிறகும் கட்ட வேண்டிய அபராதம். எனக்கு மிகவும் பிடித்த வழி இது. ஆனால் நிரலை ஓட்டி அந்த மணி நேரங்களைச் சேர்த்துவிட முடியும் என்பதால் இது தனியாக நிற்காது.

தொலைபேசி எண்ணைக் கேட்கலாம். அதே டோட்டா 2இல் 2017 முதல் தரவரிசைக்கு எண் ஒன்றை இணைக்க வேண்டும். 2022 அக்டோபரில் ஓவர்வாட்ச் 2 இலவசமாக வந்தபோதும் இதே விதி வந்தது. பிரீபெய்ட் எண்கள் செல்லாது என்று தெரிந்ததும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களிலேயே பழைய ஆட்டக்காரர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது. நம் நாட்டில் பெரும்பாலோர் கையில் இருப்பது பிரீபெய்ட் சிம்தான். கள்ளாட்டக்காரரைத் தடுக்கப் போட்ட வேலி, வசதி குறைந்தவரைத் தடுத்துவிட்டால் அது தவறான வேலி.

கணினியையே அடையாளமாகக் கொள்ளலாம். மதர்போர்டு, வட்டு இவற்றின் வரிசை எண்களைக் குறித்துவைத்து, கணக்கோடு சேர்த்து இயந்திரத்தையும் தடை செய்வது. இந்த எண்களைப் பொய்யாகக் காட்டும் மென்பொருள்களும் விற்பனைக்கு உண்டு. எனவேதான் வேலரன்ட் விளையாட்டு விண்டோஸ் 11 கணினிகளில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும், நம்பகமான மென்பொருளோடு மட்டும் கணினியைத் தொடங்கவிடும் செக்யூர் பூட்டும் இயங்க வேண்டும் என்கிறது. அந்தச் சில்லுக்குள் பதிந்திருக்கும் சாவியைப் போலியாக்குவது வரிசை எண்ணை மாற்றுவதைவிடப் பல மடங்கு கடினம். இதிலும் ஒரு குறை உண்டு. பழைய கணினியை வாங்கியவரும், பிரவுசிங் சென்டரில் ஆடுபவரும் வேறு யாரோ செய்த பாவத்தைச் சுமக்க நேரலாம்.

எல்லாவற்றையும் சர்வரே சரிபார்த்தால் கள்ளாட்டம் நடக்கவே நடக்காதே?

நிரல் எழுதத் தெரிந்த இளைஞர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். கேள்வி சரியானது. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஓட்ட வேகம், தோட்டாக் கணக்கு, உயிர்ப் புள்ளி ஆகிய எல்லாவற்றுக்கும் சர்வர்தான் கணக்குப்பிள்ளை என்று வைத்துவிட்டால் ஸ்பீட்ஹேக் போன்றவை செத்துவிடும். ஆட்டக்காரரின் கணினி "நான் இங்கே இருக்கிறேன்" என்று அறிவிக்காது, "முன்னால் போகும் பொத்தானை அழுத்தினேன்" என்று மட்டுமே சொல்லும். எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதைச் சர்வர் சொல்லும். இதைச் செய்யாத விளையாட்டு ஓட்டைப் பானை. எத்தனை தடுப்பு மென்பொருள் போட்டாலும் ஒழுகும்.

வால்ஹேக் அப்படியல்ல. அங்கே யாரும் பொய் சொல்வதில்லை. சர்வர் அனுப்பிய உண்மையையே திருட்டுத்தனமாகப் படிக்கிறார்கள். பழைய வார்கிராஃப்ட் 3 போன்ற வியூக விளையாட்டுகளில் ஒவ்வொருவர் கணினியும் முழு ஆட்டத்தையும் தனக்குள் ஓட்டிக்கொண்டிருந்தது. திரையில் இருட்டாகத் தெரியும் பகுதியில் எதிரி என்ன செய்கிறார் என்பது நினைவகத்தில் இருக்கும். இருட்டை விலக்கிக் காட்டும் மேப்ஹேக் அதனால்தான் அவ்வளவு எளிதாக இருந்தது. இதற்கு ஒரே மருந்து, பார்க்க உரிமை இல்லாத தகவலை அனுப்பாமல் இருப்பது. ரயட் கேம்ஸ் 2020இல் வேலரன்டை வெளியிட்டபோது அந்தத் துப்பாக்கி விளையாட்டில் இதைக் கையாண்டது. எதிராளி உங்கள் கண்ணுக்குத் தெரியக்கூடிய இடத்தில் இல்லையென்றால், அவருடைய இருப்பிடம் உங்கள் கணினிக்கு வந்தே சேராது. வராத கடிதத்தை எந்தத் திருடனும் பிரிக்க முடியாது.

ஆனால் நீங்கள் ஒரு மூலையில் காத்திருக்கிறீர்கள், எதிராளி ஓடி வருகிறார் என்று எண்ணிக்கொள்ளுங்கள். அவர் மூலையைத் தாண்டிய கணத்தில்தான் சர்வர் தகவலை அனுப்பத் தொடங்குகிறது என்றால், அது உங்கள் வீட்டுக்கு வந்து சேர 50, 60 மில்லிவினாடி ஆகும். அதுவரை வெறும் சுவர், பிறகு திடீரென்று அந்தரத்தில் ஆள் முளைப்பார். அதைத் தவிர்க்க, அவர் வெளியே வருவதற்குச் சற்று முன்பே சர்வர் அனுப்பிவிட வேண்டும். அந்தச் 'சற்று முன்பு' என்ற இடைவெளி வால்ஹேக்குக்குக் கிடைக்கும் பிச்சை. அதை எவ்வளவு சுருக்கலாம் என்பதில்தான் பொறியாளர்களின் திறமை இருக்கிறது. காலடி ஓசை கேட்க வேண்டும் என்றால் ஓசை வரும் திசையையும் அனுப்பித்தான் ஆக வேண்டும்.

எய்ம்பாட்டைச் சர்வர் தனியாகப் பிடிப்பது இன்னும் கடினம். மவுஸ் நகர்ந்தது, பொத்தான் அழுந்தியது என்பது மட்டுமே அங்கே போய்ச் சேர்கிறது. நகர்த்தியது கையா, நிரலா என்று அந்த எண்களில் எழுதியிருக்காது.

பதிவைப் பார்த்து வால்ஹேக்கை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

பலர் கொன்ற காட்சிகளையே திரும்பத் திரும்பப் பார்க்கிறார்கள். நான் யாரும் சாகாத நிமிடங்களைத்தான் பார்ப்பேன்.

ஒரு கிடங்கு அறைக்குள் நுழைகிறார் என்று வையுங்கள். இடப்பக்கம் பெட்டி அடுக்கு, வலப்பக்கம் படிக்கட்டின் அடி, எதிரே சன்னல். நேர்மையானவர் மூன்றையும் பார்த்தே ஆக வேண்டும், ஏனென்றால் மூன்றிலும் சாவு ஒளிந்திருக்கலாம். பதற்றத்தில் ஒன்றை மறப்பார், அடுத்த சுற்றில் அதே இடத்தில் அடிபடுவார். சுவருக்குப் பின்னால் தெரிகிறவருக்கு அந்தப் பயமே இருக்காது. ஆள் இல்லாத மூலைகளைத் திரும்பியும் பாராமல் கடப்பார். ஆள் இருக்கும் ஒரே ஒரு மூலையில் மட்டும் குறியை முன்கூட்டியே வைத்துக்கொண்டு வருவார். ஒருமுறை என்றால் அதிர்ஷ்டம், இரண்டு முறை என்றால் அனுபவம், இருபது சுற்றிலும் என்றால் பேச வேண்டியதில்லை.

இந்த முறையிலும் நான் தவறியிருக்கிறேன். ஒரு பள்ளி மாணவனைக் கிட்டத்தட்ட வெளியேற்றிவிட்டேன். சுவருக்கு அப்பால் நகர்ந்த ஆளை அவனுடைய குறி அங்குலம் பிசகாமல் தொடர்ந்தது. நான் ஒலியைக் குறைத்து வைத்துப் பார்த்திருக்கிறேன். மறுநாள் அவன் கெஞ்சிக் கேட்டதால் ஹெட்போன் மாட்டி மறுபடி பார்த்தேன். உலோகத் தகட்டின் மேல் காலடி ஓசை துல்லியமாகக் கேட்டது. அவன் காதால் பார்த்திருக்கிறான். அன்றிலிருந்து ஒலியில்லாமல் எந்தப் பதிவையும் நான் தீர்மானிப்பதில்லை, தனியாகவும் தீர்மானிப்பதில்லை.

புகார் பொத்தானை அழுத்தினால் யாராவது பார்க்கிறார்களா?

விளையாட்டைப் பொறுத்தது. குளோபல் அஃபென்சிவில் 2013இல் வந்த 'ஓவர்வாட்ச்' என்ற முறையில் (மேலே சொன்ன ஓவர்வாட்ச் 2 விளையாட்டு வேறு), அனுபவமுள்ள ஆட்டக்காரர்களே புகார் வந்த ஆட்டங்களின் பதிவுகளைப் பார்த்துத் தீர்ப்பளித்தார்கள். பிற்பாடு அந்தத் தீர்ப்புகளைக் கொண்டே 'வாக்நெட்' என்ற கற்கும் நிரலுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். குறி எப்படித் திரும்பியது, எப்போது சுட்டார் என்ற தரவைப் பார்த்து, சந்தேகத்துக்குரிய ஆட்டங்களை அது மனிதர்களிடம் அனுப்பியது. கடைசிச் சொல் மனிதருடையதாகவே இருந்தது. அந்த அமைப்பு எனக்குப் பிடித்ததற்கு அதுவே காரணம்.

கோபத்தில் தோற்ற ஆட்டத்துக்கெல்லாம் புகார் போடாதீர்கள். உண்மையான புகார் அந்தக் குவியலுக்கு அடியில் போய்விடும்.

கண்டுபிடித்த உடனே ஏன் தடை செய்வதில்லை?

உடனே செய்தால், எந்தக் கோப்பு, எந்த அசைவு காட்டிக்கொடுத்தது என்று ஹேக் விற்பவர் அன்று மாலையே தெரிந்துகொள்வார். சில வாரம் பொறுத்து ஆயிரக்கணக்கானோரை ஒரே நாளில் தடை செய்தால் காரணத்தை ஊகிப்பது கடினம், விற்பவரின் வாடிக்கையாளர்களும் மொத்தமாக அவர் மேல் பாய்வார்கள்.

2023 பிப்ரவரியில் டோட்டா 2இல் நடந்தது இதில் மிக அழகானது. சாதாரணமாக ஆடும்போது விளையாட்டு ஒருபோதும் படிக்காத ஒரு தரவை வால்வ் நினைவகத்தில் பொறியாக வைத்தது. ஹேக் மென்பொருள்கள் மட்டுமே அங்கே கை வைக்கும். பொறியில் கை வைத்த 40,000க்கும் மேற்பட்ட கணக்குகள் நிரந்தரமாகத் தடை செய்யப்பட்டன. எலி இருக்கிறதா என்று ஊரெல்லாம் தேடவில்லை, எலி மட்டுமே தின்னும் பண்டத்தை வைத்தார்கள். நேர்மையானவர் தெரியாமல் சிக்க வழியே இல்லாத முறை என்பதால் இதை நான் உயர்வாக நினைக்கிறேன்.

கணினியின் ஆழத்தில் அமரும் தடுப்பு மென்பொருளை நம்பலாமா?

வேலரன்டோடு வரும் வேன்கார்ட் கணினி தொடங்கும்போதே, இயங்குதளத்தின் மையமான கெர்னல் மட்டத்தில் ஏறி அமர்கிறது. 2024 முதல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் விளையாட்டுக்கும் அது தேவை. ஹேக் மென்பொருள்கள் அந்த ஆழத்துக்கு இறங்கிவிட்டதால் காவலும் இறங்க வேண்டியிருக்கிறது என்பது வாதம். வாதம் உண்மைதான். வீட்டுச் சாவியை மொத்தமாகக் கொடுக்கிறோம் என்பதும் உண்மை.

கவலைப்படக் காரணம் இருக்கிறது. 2013இல் இஎஸ்இஏ என்ற கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் போட்டித் தளத்தின் தடுப்பு மென்பொருளுக்குள், பயனர்களுக்குத் தெரியாமல் பிட்காயின் தோண்டும் நிரல் புகுத்தப்பட்டது வெளியானது. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில அரசோடு அந்நிறுவனம் சமரசத்துக்கு வர வேண்டியதாயிற்று. 2022இல் கென்ஷின் இம்பாக்ட் விளையாட்டின் தடுப்பு டிரைவரை, அந்த விளையாட்டே இல்லாத கணினிகளில் கொண்டுபோய் வைத்து, வைரஸ் தடுப்பை முடக்கி, கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் பரப்பியதை டிரெண்ட் மைக்ரோ ஆய்வாளர்கள் வெளிக்கொணர்ந்தார்கள்.

என் நிலைப்பாடு இது: வங்கி வேலையும் அலுவலக வேலையும் செய்யும் கணினியில் இப்படிப்பட்ட விளையாட்டை ஏற்றாதீர்கள். ஆடுவதற்கென்று தனிக் கணினி இருந்தால் ஏற்றுங்கள். இருப்பது ஒன்றே என்றால், எது முக்கியம் என்று வீட்டில் பேசி முடிவெடுங்கள். இந்தக் காவலையும் மீறிக் கள்ளாட்டக்காரர்கள் வருகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். டிஎம்ஏ அட்டை என்ற கருவியைப் பொருத்தி, ஆடும் கணினியின் நினைவகத்தை இரண்டாவது கணினியிலிருந்து படிக்கிறார்கள். முதல் கணினியில் ஹேக் என்று எதுவுமே ஓடாது.

குற்றமற்றவர் தடை செய்யப்பட்டால்?

நடந்திருக்கிறது. 2010இல் வால்வின் கள்ளாட்டத் தடுப்பு அமைப்பு மாடர்ன் வார்ஃபேர் 2 ஆடிய சுமார் 12,000 பேரைத் தவறாகத் தடை செய்தது. நிறுவனத் தலைவர் கேப் நியூவெல் மன்னிப்புக் கேட்டு, இன்னொரு விளையாட்டின் பிரதியையும் பரிசளித்தார். 2023 அக்டோபரில் ஏஎம்டி நிறுவனம் தன் கிராபிக்ஸ் அட்டைகளை இயக்கும் டிரைவர் மென்பொருளில் சேர்த்த ஒரு வசதி விளையாட்டின் கோப்புகளில் தலையிட்டதால், அதை இயக்கிய கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் 2 ஆட்டக்காரர்கள் தடைபட்டார்கள். அவர்கள் செய்த குற்றம் டிரைவரைப் புதுப்பித்தது. ஏஎம்டி அந்தப் பதிப்பைத் திரும்பப் பெற்றது.

மேல்முறையீடு செய்யும்போது அழுது புலம்பாமல் தேதி, நேரம், அப்போது ஓடிய மற்ற மென்பொருள்களின் பட்டியல் இவற்றை அனுப்புங்கள்.

தடையைத் தவிர வேறு வழி உண்டா?

உண்டு. கால் ஆஃப் டியூட்டி: வார்ஸோன் விளையாட்டின் ரிகோஷே அமைப்பு, சந்தேகம் உறுதியானவரை உடனே வெளியேற்றாமல் அவருடைய தோட்டாவின் வலுவைக் குறைக்கும், எதிராளிகளை அவர் கண்ணிலிருந்து மறைக்கும், அவருக்கு மட்டும் தெரியும் மாய உருவங்களை முன்னால் நடமாடவிடும். அவர் அவற்றைச் சுட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் ஹேக் எப்படி வேலை செய்கிறது என்று படிப்பார்கள். புதுக் கணக்கு தொடங்கத் தூண்டாமலே ஆளை முடக்குவதால், தடைக்கு விலையில்லாத இலவச விளையாட்டுக்கு இது மிகப் பொருத்தம்.

2017இல் வால்வ் கொண்டுவந்த டிரஸ்ட் ஃபாக்டர் வேறு விதம். கணக்கின் நடத்தையைப் பார்த்து, ஒத்தவர்களை ஒத்தவர்களோடு சேர்த்துவிடும்.

"என் மகன் ஹெட்ஷாட் ஹேக் என்று ஒரு செயலியைக் கைபேசியில் இறக்கிவிட்டான்" – என்ன செய்வது?

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். செயலியை நீக்குங்கள். அதற்குக் குறுஞ்செய்தி படிக்கும் அனுமதியோ, 'அணுகல்தன்மை' அனுமதியோ கொடுத்திருந்தால், உங்கள் ஓடிபி வெளியே போயிருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். வேறு கைபேசியிலிருந்து மின்னஞ்சல், வங்கி, யுபிஐ கடவுச்சொற்களை மாற்றுங்கள். இந்தக் கைபேசியைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைப்பது நல்லது. பிளே ஸ்டோருக்கு வெளியே, டெலிகிராமில் வரும் ஏபிகே கோப்பை (செயலியை நிறுவும் கோப்பு) யாரும் சும்மா உழைத்துத் தருவதில்லை.

பிள்ளையை அடிக்காதீர்கள். தோற்றுத் தோற்று நொந்துபோய்த்தான் பெரும்பாலும் அதைத் தேடியிருப்பான். உட்கார்ந்து ஓர் ஆட்டம் பாருங்கள்.

இதற்குச் சட்டம் இல்லையா?

தென் கொரியாவில் ஹேக் தயாரிப்பதும் பரப்புவதும் குற்றம். 5 ஆண்டுவரை சிறை அல்லது 5 கோடி வோன் வரை அபராதம். சீனாவில் 2021இல் குன்ஷான் நகரக் காவல்துறை டென்சென்ட் என்ற விளையாட்டு நிறுவனத்தின் உதவியோடு ஒரு பெரிய ஹேக் விற்பனைக் கும்பலைப் பிடித்தபோது, சொகுசுக் கார்கள் உட்பட சுமார் 4.6 கோடி டாலர் சொத்துகளைக் கைப்பற்றியது. அமெரிக்காவில், கால் ஆஃப் டியூட்டியை வெளியிடும் ஆக்டிவிஷன் தொடுத்த வழக்கில், எஞ்சின்ஓனிங் என்ற விற்பனைத் தளத்துக்கு எதிராக 2024இல் சுமார் 1.45 கோடி டாலர் தீர்ப்பானது. வாங்கும் சிறுவர்களை விட்டு விற்கும் முதலாளிகளைக் குறிவைப்பது சரியான திசை.

நாங்களும் சிறிய போட்டி நடத்த விரும்புகிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த ஆசிய அளவிலான கவுன்ட்டர்-ஸ்ட்ரைக் போட்டியில், ஆப்டிக் இந்தியா அணி வீரர் ஒருவரின் கணினியில் 'வேர்ட்' என்ற பெயரில் ஒளிந்திருந்த ஹேக்கை நடுவர்கள் ஆட்டத்தின் நடுவில் கண்டுபிடித்தார்கள். அணியே கலைந்தது. கூட ஆடிய நால்வரின் உழைப்பும் போயிற்று. மேடையில், நடுவர் முன்னால் அமர்ந்தே இப்படி நடக்கும் என்றால், வீட்டிலிருந்து ஆடும் போட்டிக்கு எவ்வளவு கவனம் வேண்டும்!

நாங்கள் செய்வது: 6 மாதத்துக்குக் குறைந்த கணக்குகளைச் சேர்ப்பதில்லை. சேரும்போதே விதிகளை எழுத்தில் கொடுக்கிறோம். அரையிறுதியிலிருந்து கைகளும் விசைப்பலகையும் தெரியும்படி கைபேசிக் கேமராவை வைக்கச் சொல்கிறோம். எல்லா ஆட்டங்களின் பதிவையும் இரண்டு வாரம் வைத்திருக்கிறோம். பரிசை ஒரு வாரம் கழித்தே கொடுக்கிறோம். புகார் வந்தால் சம்பந்தப்பட்ட அணிகளைச் சேராத மூவர், ஒலியோடு, தனித்தனியே பார்த்து எழுதித் தர வேண்டும். மூவரும் ஒத்துப்போனால் மட்டுமே நடவடிக்கை. ஒருவர் மாறுபட்டாலும் ஆட்டக்காரரின் பெயரை வெளியிடுவதில்லை. அந்தக் கடைசி விதி அந்தப் பள்ளி மாணவனுக்குப் பிறகு வந்தது. இப்போது எங்கள் மூன்று நடுவர்களில் அவனும் ஒருவன்.